சூடேறினால் நிற்கும் புல்லட்டும் துருப்பிடித்த டேங்கும்

பழைய மோட்டார் சைக்கிள்கள் பற்றி இம்முறை வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வாங்கிய வண்டிகள் பெரிய வீடுகளின் கூரையடியில் மழை படாமல் நின்றதால், வேறு பகுதிகளில் காயலான் கடைக்குப் போய்விட்ட வண்டிகள்கூட இங்கே முழு உருவத்தோடு மிஞ்சியிருக்கின்றன. அவற்றை மீண்டும் ஓட வைக்க விரும்பும் வாசகர்களுக்கு இயன்றவரை விரிவாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: என்னிடம் எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த புல்லட் 350 உள்ளது. காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. ஆனால் காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் தடுமாறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் கிளம்புகிறது. காயிலை மாற்றினோம், கார்புரேட்டரைக் கழுவினோம். இப்போது போர் போட (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்த) வேண்டும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்த எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் கிளம்ப அதிகம் அடம்பிடிக்கும். நீலப் புகை விடும், ஆயிலையும் குடிக்கும். உங்கள் வண்டியோ காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது, புகையைப் பற்றியும் நீங்கள் எதுவும் எழுதவில்லை. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தச் சிலிண்டரை ஒருமுறை கடைந்துவிட்டால் எடுத்த இரும்பு திரும்ப வராது. கடையக்கூடிய அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனால் மற்ற எல்லாக் காரணங்களையும் பார்த்து முடித்த பிறகே போர் பற்றிய பேச்சை எடுக்க வேண்டும்.

சூடேறியபின் நிற்கும் புல்லட்டில் நான் சந்தேகிப்பவை நான்கு: பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத்துளை, பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் முனைகள்), கண்டென்சர் (அந்த முனைகள் கருகாமல் காக்கும் சிறு பாகம்), டேப்பெட் (வால்வுகளைத் திறக்கும் பாகத்தின் இடைவெளி). வண்டி நின்ற இடத்திலேயே, அது ஆறுவதற்கு முன்பாகவே, இந்த நான்கின் அறிகுறிகளையும் பார்த்துவிடலாம். ஆறிய பிறகு பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் அப்போது நோயும் மறைந்திருக்கும்.

வண்டி நின்றவுடன் முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி உடனே கிளம்பினால், மூடியின் துளை செம்மண் தூசியால் அடைபட்டிருக்கிறது என்று பொருள். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று புக வழியில்லாமல் பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். மெல்லிய கம்பியால் குத்தி மண்ணெண்ணெயில் கழுவினால் போதும், செலவு கிடையாது.

அடுத்து ஆம்மீட்டரைப் பாருங்கள். சாவியைப் போட்டுவிட்டு, கிக்கரை உதைக்காமல் காலால் மெதுவாக அழுத்தி இறக்கினால், பாயிண்ட் சேரும்போது முள் ஒருபக்கம் சாயும், பிரியும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லையென்றால் மின்சாரம் பாயிண்ட் வழியாகப் பாயவில்லை. வலப்பக்கம் டைமிங் கவரின் பின்னால் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நல்ல பாயிண்டின் முகம் சாம்பல் நிறத்தில் மட்டமாக இருக்கும். கருகி, ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் கண்டிருந்தால் கண்டென்சரின் உடல்நலமும் சந்தேகத்துக்குரியது. பாயிண்டை மெல்லிய அரத்தால் தேய்த்து, எண்ணெய்ப் பசையில்லாத அட்டையால் துடைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி விழும் நேரமும்) மாறும் என்பதால் டைமிங்கையும் அன்றே சரிபார்த்துவிட வேண்டும்.

முள் ஒழுங்காக அசைந்தும் தீப்பொறி மங்கலாக இருந்தால், பெரும்பாலும் கண்டென்சர்தான். உள்ளே இருக்கும் காப்புத் தாள் வெப்பத்தில் வலுவிழக்கும், ஆறியதும் பழையபடி வேலை செய்யும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி அப்படியே இதற்குப் பொருந்துகிறது. மாலை இருட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பாயிண்டுகளுக்கிடையே சிறு பொறி இயல்பு. பளீரென்று தொடர்ந்து வெட்டினால் கண்டென்சரை மாற்ற வேண்டும். புதியதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொருத்தாமல், டேங்கின் அடியில் காயிலுக்குப் பக்கத்தில் பொருத்தி வயரை நீட்டிக்கொள்வது நல்லது. எஞ்சின் சூடு அங்கே அவ்வளவாக எட்டாது. சித்திரை வெயிலில் நம் பக்கத்துச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இது கூடுதல் பாதுகாப்பு.

கடைசியாக டேப்பெட். நின்ற வண்டியின் கிக்கரை அழுத்தும்போது வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் கால் தளர்வாக இறங்கி, ஆறிய பிறகு அந்த எதிர்ப்பு திரும்பி வந்தால், எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் முழுவதும் மூடாமல் நிற்கிறது. மறுநாள் காலை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷனின் உச்சிக்குக் கொண்டுவந்து, சிலிண்டரின் அடிப்பக்கம் வலப்புறம் உள்ள சிறு மூடியைத் திறங்கள். வால்வுகளைத் திறக்கத் தள்ளும் இரண்டு புஷ் ராடுகளும் விரல் நுனியால் திருப்பினால் தாராளமாகச் சுழல வேண்டும். அதே சமயம் மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த எஞ்சினுக்கு அளவு அவ்வளவே, ஃபீலர் கேஜ் தேவையில்லை.

இந்த நான்கையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். போர் போடும் செலவு உங்களுக்கு மிஞ்சும் என்றே நம்புகிறேன்.

கேள்வி: அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்ற ஐயா 1967-இல் வாங்கிய ஜாவா எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. டேங்குக்குள் ஒரே துரு. கிக்கர் அசையவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: கிக்கரின் மீது ஏறி நின்று உதைக்காமல் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஜாவாவில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பதால், அங்கே முரட்டு பலம் காட்டினால் இரண்டும் கெடும். பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சம அளவில் கலந்து அந்தத் துளை வழியாக ஊற்றிவிட்டுச் சில நாட்கள் அப்படியே விடுங்கள். பிறகு வண்டியைக் கடைசிக் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஒட்டியிருக்கும் ரிங் ஊறி விடுபட்டதும் சக்கரம் இளகுவது கைக்குத் தெரியும். இளகவில்லையென்றால் மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். இருபது ஆண்டு நின்ற வண்டி இன்னும் ஒரு வாரம் நிற்பதால் ஒன்றும் ஆகாது.

டேங்கைப் பொறுத்தவரை, கூழாங்கல்லையோ நட்டையோ போட்டுக் குலுக்குவதும், கழிப்பறை ஆசிட் ஊற்றுவதும் வழக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் நான் ஏற்பதில்லை. கல் எட்டும் இடத்தில் மட்டுமே தேய்க்கும். ஆசிட் துருவோடு நல்ல தகரத்தையும் தின்னும். மின்னாற்பகுப்பு முறைதான் துருவை மட்டும் எடுக்கும். காரைக்குடி வட்டாரத்தவருக்கு இது அந்நியமான துறையன்று. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட நம் 'சிக்ரி'யில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில்) உலோக அரிப்பும் அதைத் தடுப்பதும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றன.

டேங்கை வண்டியிலிருந்து இறக்கி, பெட்ரோல் வாடை அடியோடு போகும்வரை சோப்பு நீரால் கழுவுங்கள். பெட்ரோல் டேப் துளையை ரப்பர் தக்கையால் அடைத்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் டேங்கை நிரப்புங்கள். ஓர் இரும்புக் கம்பியை மூடி வழியாக நடுவில் தொங்கவிடுங்கள். கம்பி டேங்கை எந்த இடத்திலும் தொடாதபடி ரப்பர் குழாய் சுற்றி நிறுத்த வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. இது மாறிவிட்டால் கரைவது டேங்காக இருக்கும் என்பதால் இருமுறை பார்த்து இணையுங்கள். சற்று நேரத்தில் நுரை கிளம்பும், துரு செம்பழுப்புச் சேறாகக் கம்பியைச் சுற்றிப் படியும். கம்பியை அவ்வப்போது எடுத்துச் சுரண்டிவிட்டு மீண்டும் தொங்கவிடுங்கள். வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் இருப்பதால் வேலையைத் திறந்த முற்றத்தில் வையுங்கள். அருகில் நெருப்பு கூடாது. சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். எவர்சில்வர் கம்பியும் வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கலக்கும்.

ஒரு பகல் ஓர் இரவு போனதும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறத் தகரம் தெரிந்தால் வேலை முடிந்தது. கழுவி, வெயிலில் சூடேறக் காயவைத்து, ஈரம் போன அந்த நிமிடமே 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயிலை) கொஞ்சம் ஊற்றி நாலாபுறமும் சுழற்றிவிடுங்கள். தாமதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் புதுத்துரு மஞ்சளாகப் பூக்கும். டேங்கின் உள்ளே பூசும் எபாக்ஸியை, ஊசித்துளை விழுந்த டேங்குக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு கிராங்க் ஆயில் சீல்களைக் கவனியுங்கள். இத்தனை ஆண்டில் ரப்பர் இறுகியிருக்கும். இடப்பக்கம், கிளட்ச் இருக்கும் பக்கத்துச் சீல் போயிருந்தால், கியர் ஆயில் எஞ்சினுக்குள் இழுபட்டு வெள்ளைப் புகை நிற்காமல் வரும், கியர் ஆயில் மட்டமும் குறையும். வலப்பக்கம், டைனமோ பக்கத்துச் சீல் போயிருந்தால் புகை வராது. அங்கே காற்று புகுந்து, ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும். பிஸ்டன் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையில்தான், ஆகவே அதை அலட்சியப்படுத்த வேண்டாம். பெட்ரோலில் 2டி ஆயிலை லிட்டருக்கு 40 மில்லி என்ற கணக்கில், தனிக் கேனில் கலந்து ஊற்றுங்கள்.

மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. ஆனால் 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வந்த வண்டிகளின் பல பாகங்கள் ஜாவாவுக்கும் சேரும். பழைய பாகம் எதையும், புதியது பொருந்தி ஓடும்வரை தூக்கி எறியாதீர்கள். இன்று வரும் போலிப் பாகங்களைவிடத் தேய்ந்த அசலே பல நேரங்களில் மேலானது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய வண்டி ஒன்றுக்கு ஆர்.சி. புத்தகம் மறைந்த எங்கள் பெரியப்பச்சியின் பெயரில் இருக்கிறது. பதிவும் காலாவதி. என்ன செய்வது?
(வாசகர், கண்டனூர்)

பதில்: உரிமையாளர் காலமானால் வாரிசின் பெயருக்கு மாற்றப் படிவம் 31 உண்டு. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலுமாகப் பிரிந்திருந்தால், படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) எல்லோரும் ஊரில் கூடும்போதே, உங்கள் பெயருக்கு மாற்ற அவர்களுக்குச் சம்மதம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு கையெழுத்துக்காக வருடக்கணக்கில் நிற்கும் வண்டிகள் உண்டு. பெயர் மாறியபின் படிவம் 25 வழியாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். சொந்த வண்டிக்கு முதலில் 15 ஆண்டுகள், பிறகு சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகள்.

முதல் பதிவு ஆகி 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாத வண்டியானால், 2021-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி விண்டேஜ் பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம். பழைய எண்ணை வைத்துக்கொள்ளவும் அதில் வழியிருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்ட ஆசைப்படுபவர் சாதாரணப் புதுப்பித்தலையே தேர்ந்தெடுக்க வேண்டும். இவையெல்லாம் முடிந்து இன்ஷூரன்ஸ் கைக்கு வரும்வரை, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் குட்டியானையில் ஏற்றியே கொண்டுபோங்கள்.

கேள்வி: மகன் தன் புல்லட்டை முகப்பில் நிறுத்துகிறான். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையெல்லாம் ஆயில் சொட்டுகிறது. கேஸ்கட் எல்லாம் மாற்றிய பிறகும் நிற்கவில்லை. தரையையும் வண்டியையும் காப்பாற்ற வழி சொல்லுங்கள்.
(வாசகி, கோட்டையூர்)

பதில்: அம்மா, தரையை முதலில் பார்ப்போம். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்ப்பது. தேங்காய் எண்ணெய் போட்டு மெருகேற்றுகிறோமே என்று எஞ்சின் ஆயிலையும் விட்டுவிட முடியாது, அதன் கருமை நிறத்துக்குள் ஊறிவிடும். சொட்டியவுடன் துடைக்காமல், உலர்ந்த மரத்தூளையோ தவிட்டையோ தூவி உறிஞ்சவிட்டுக் கூட்டி எடுங்கள். ஊறிய கறைக்குச் சாக்பீஸ் தூளைச் சலவைத்தூள் கரைசலில் குழைத்து அப்பி, இரவு முழுவதும் விட்டுக் காய்ந்தபின் எடுங்கள். சிலமுறை செய்தால் மங்கும். ஆசிட் மட்டும் கூடாது, பூவேலையின் நிறமே போய்விடும். வண்டிக்கடியில் ஒரு தகரத் தட்டு எப்போதும் இருக்கட்டும்.

இனி வண்டி. பழைய புல்லட்டில் ஆயில் டேங்க் எஞ்சினோடு சேர்ந்தே இருப்பதால், வண்டி பல நாள் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கித் தேங்கும். கிளப்பியவுடன் அதுதான், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக வெளியே வருகிறது. கேஸ்கட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது. ஆயில் மட்டம் பார்ப்பதானால் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டபின் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற வண்டியில் பார்த்துக் குறைகிறதென்று ஊற்றினால், ஊற்றியது முழுவதும் தரைக்குத்தான் வரும்.

பிரீதரின் முனையில் வாத்தின் அலகைப் போன்ற ஒரு சிறு ரப்பர் வால்வு இருக்கும். கழற்றி ஊதினால் காற்று வெளியே போக வேண்டும், உறிஞ்சினால் வால்வின் உதடுகள் ஒட்டிக்கொண்டு அடைக்க வேண்டும். சூட்டில் இறுகிப்போன வால்வு இரண்டையும் செய்யாது. எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, நல்ல கேஸ்கட்டின் வழியாகவும் ஆயில் பிதுங்கும். விலை மலிவான அந்த ரப்பரை மாற்றுவதே முதல் வேலை. இடப்பக்க செயின் கவரை நடுவில் ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் முறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும். உள்ளே ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்திருந்தால் அளவான முறுக்கே போதும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்குக் கெடுதலா?
(வாசகர், திருப்பத்தூர்)

பதில்: தெரிந்து நடந்துகொண்டால் சமாளிக்கலாம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டேங்கோடு நின்ற வண்டிகள்தான் இதில் அதிகம் கெடுகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். மாதக்கணக்கானால் டேங்கையும் வடித்து விடுங்கள். பழைய ரப்பர் குழாய்களும் டேப்பிலுள்ள கார்க்கும் எத்தனாலைத் தாங்குவதில்லை; 'விட்டான்' (Viton) என்ற ரப்பரில் வருபவற்றை வாங்கிப் பொருத்துங்கள்.

இன்னொன்று, எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜன்தான். அதனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோலில், பழைய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) கொடுக்கும் கலவையில் பெட்ரோல் எஞ்சினுக்குப் போதாமல் போகும். நல்ல ஓட்டத்துக்குப் பின் பிளக்கின் முனை இளம்பழுப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், கார்புரேட்டரின் ஸ்லைடைக் கழற்றி நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள்; நீடில் அந்த அளவு மேலே நின்று பெட்ரோல் கூடுதலாக வரும். அப்போதும் வெளுத்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கலாம்.

கேள்வி: என் யெஸ்டிக்கு முழுப் பெயிண்டும் குரோமும் புதிதாகச் செய்ய நினைக்கிறேன். சரிதானா?
(வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: வண்டி உங்களுடையது, முடிவும் உங்களுடையது. என் கருத்தைக் கேட்டால், தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும் வண்டியில் கை வைக்க வேண்டாம். டேங்கில் இழுத்திருக்கும் அந்த மெல்லிய கோடு, அது முடியும் இடத்தில் தூரிகை தூக்கிய தடம், முழங்கால் பட்டுத் தேய்ந்த ஓரம், இவற்றை எந்தப் பட்டறையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து, எங்கோ ஒரு ஓட்டலில் வார்னிஷ் மினுமினுக்க நிற்பதைப் பார்த்து வருத்தப்படுகிற நாம், வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு பொருளை அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. பழைய பெயிண்டை மென்மையான பாலிஷால் துடைத்து மெழுகு பூசுங்கள். குரோமின் மேல்துருவை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். பணத்தை பிரேக் லைனிங், டயர், வயரிங் மூன்றுக்கும் செலவிடுங்கள்; இருபது ஆண்டு பழைய டயர் எவ்வளவு பட்டன் மிஞ்சியிருந்தாலும் ஓட்டத் தகுந்ததன்று.

கேள்வி: நான் காரைக்குடியில் பொறியியல் படிக்கும் மாணவி. யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றை 1999 மாடல் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: ஆர்.எக்ஸ். 100-இன் உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. 1999 என்றால், ஆர்.எக்ஸ். 135 போன்ற வேறு வண்டிக்கு 100-இன் பக்க மூடியும் ஸ்டிக்கரும் போட்டிருக்கலாம், அல்லது இரண்டு வண்டிகளை ஒன்றாக்கியிருக்கலாம். பணம் பேசுவதற்கு முன் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். எழுத்துகளின் ஆழமும் வரிசையும் சீராக இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி மட்டும் தேய்த்த தடமோ புதுப் பெயிண்டோ தெரிந்தால் வாங்காதீர்கள். எண்கள் சரியாக இருந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வந்து பார்ப்பதாக முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் போகும் நேரத்தில் சிலிண்டர் சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத வண்டியை உங்களுக்காகக் கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, மறுநாள் காலை மீண்டும் வருவதாகச் சொல்லுங்கள்.